ஷாங் வம்சம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஷாங் வம்சம்னா எப்போ, எங்க?

தோராயமா கி.மு. 1600-ல ஆரம்பிச்சு கி.மு. 1046 வரைக்கும்னு இப்போ பெரும்பாலானவங்க எடுத்துக்குறாங்க. சீனாவுல மஞ்சள் ஆத்தோட கரையில, இன்னைக்கு ஹெனான் மாகாணம்னு சொல்ற பகுதிதான் மையம். தலைநகரம் ஒரே இடத்துல இருக்கல, பல தடவை மாத்தியிருக்காங்க. ஜெங்ஜோ நகரத்துக்கு நடுவுலயே அவங்க காலத்து மண் கோட்டைச் சுவர் இன்னும் நிக்குது, மொத்த சுத்தளவு கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், மண்ணை அடுக்கடுக்கா கொட்டி இடிச்சு இடிச்சு கட்டுனது. கடைசி 250 வருஷத்துக்கு தலைநகரமா இருந்தது அன்யாங் பக்கத்துல ஹுவான் ஆத்தங்கரை, அதுக்குப் பேரு யின்ஷு. இந்தப் பக்கத்துல நாம பேசப்போறதுல முக்கால்வாசி அங்க கெடச்சதுதான்.

சீனாவோட முதல் வம்சம் ஷியாதானே? ஏன் ஷாங்லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க?

பழைய சீன நூல்கள்படி ஷியாதான் முதல். ஷியாவோட கடைசி ராஜா ஜியே கொடுங்கோலனா இருந்தான், டாங் அவனை யி யின்ங்குற மந்திரியோட துணையில தோக்கடிச்சு ஷாங்கை ஆரம்பிச்சாருன்னு கதை. எர்லிடோங்குற இடத்துல அந்தக் காலத்துக்குப் பொருந்துற மாதிரி அரண்மனை, வெண்கலப் பட்டறை எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க, நிறைய சீன ஆய்வாளர்கள் அதுதான் ஷியான்னு சொல்றாங்க. ஆனா "நாங்கதான் ஷியா"ன்னு அந்த மக்களே எழுதி வச்ச ஒரு வரி கூட அங்க கெடைக்கல. ஷாங்குக்கு அது கெடச்சுருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒன்றரை லட்சம் துண்டுக்கு மேல. தன்னோட சொந்த எழுத்தால தன்னைப் பத்தி பேசுற முதல் சீன வம்சம் இதுதான், அதனாலதான் இங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த எழுத்து எதுல இருக்கு?

எலும்புல. மாட்டோட தோள்பட்டை எலும்பு, அப்புறம் ஆமையோட வயித்துப்பக்க ஓடு. ராஜா குறி கேக்குறதுக்குப் பயன்படுத்துனது.

எப்படி பண்ணாங்கன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன். முதல்ல எலும்பை சுத்தம் பண்ணி, தேச்சு, வழவழன்னு ஆக்குவாங்க. பின்பக்கத்துல வரிசையா சின்னச் சின்ன குழி, நீளவாக்குல ஒண்ணு அதை ஒட்டி வட்டமா ஒண்ணு, எலும்பு ஓட்டையாகாம மெல்லிசா நிக்குற அளவுக்கு செதுக்குவாங்க. அப்புறம் கேள்வியைச் சத்தமா சொல்லிட்டு, நெருப்புல நல்லா காஞ்ச ஏதோ ஒரு கட்டையை அந்தக் குழியில வச்சு அழுத்துவாங்க. சூடு தாங்காம முன்பக்கம் டப்புனு விரிசல் விடும், நேரா ஒரு கோடு, அதுலேர்ந்து பக்கவாட்டுல ஒரு கிளை. அந்த விரிசல் போற திசையைப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் ராஜாவே பாத்து சொல்லுவாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் என்னைக்கு, யாரு கேட்டாங்க, என்ன கேள்வி, ராஜா என்ன சொன்னாரு, கடைசியில என்ன நடந்துச்சு, இதையெல்லாம் அதே எலும்புல கத்தியால பொறிச்சு வைப்பாங்க. எல்லா எலும்புலயும் இந்த எல்லா பகுதியும் இருக்காது, நிறையதுல வெறும் கேள்வி மட்டும்தான் இருக்கும். சிலதுல பொறிச்ச எழுத்துக்குள்ள செந்தூரச் சிவப்பு பூசியிருப்பாங்க, அது 3000 வருஷம் கழிச்சும் அப்படியே தெரியுது.

ஒரே கேள்வியை ரெண்டு மாதிரி கேக்குற பழக்கமும் இருந்துச்சு. ஓட்டோட வலது பக்கம் "மழை பெய்யும்", இடது பக்கம் "மழை பெய்யாது", ரெண்டுக்கும் தனித்தனியா சூடு வச்சுப் பாப்பாங்க.

என்ன மாதிரி கேள்வியெல்லாம் கேட்டாங்க?

எல்லாமே. மழை வருமா, விளைச்சல் எப்படி இருக்கும், இந்த ஊர் மேல படையெடுக்கலாமா, வேட்டைக்குப் போனா மாட்டுமா, ராஜா நேத்து கண்ட கனவுக்கு என்ன அர்த்தம், இந்த முன்னோருக்கு எத்தனை மாடு பலி கொடுக்கணும். வூ டிங்குன்னு ஒரு ராஜா, கி.மு. 1250-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்தவரு, இவர் காலத்து எலும்புதான் ரொம்ப அதிகமா கெடச்சிருக்கு. அவருக்குப் பல்லு வலி வந்தப்போ செத்துப்போன எந்தப் பெரியவரு கோவத்துல இதைக் கொடுக்குறாருன்னு ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கேட்டிருக்காரு. பத்து நாள்தான் அவங்களுக்கு ஒரு வாரம், ஒவ்வொரு வாரம் முடியும்போதும் "அடுத்த பத்து நாள்ல கெடுதல் ஒண்ணும் வராதுல்ல"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா உண்டு.

எனக்கு எல்லாத்தையும் விட மனசுல நிக்குறது ஒரு பிரசவக் கேள்வி. வூ டிங்கோட ராணி ஃபூ ஹாவ் மாசமா இருக்காங்க. சூயேங்குற குறிக்காரரு பிரசவம் நல்லபடியா நடக்குமான்னு கேக்குறாரு. ராஜா விரிசலைப் பாத்துட்டு, டிங் நாள்ல பொறந்தா நல்லது, கெங் நாள்ல பொறந்தா ரொம்ப விசேஷம்னு சொல்றாரு (இதெல்லாம் அவங்க நாளுக்கு வச்ச பேரு). அதுக்குக் கீழ பிறகு நடந்ததை சேத்து எழுதியிருக்காங்க: 31-ஆவது நாள், ஜியாயின் நாள்ல குழந்தை பொறந்துச்சு, நல்லதில்ல, பொண்ணு. இவ்வளவுதான். பொண்ணு பொறந்ததை "நல்லதில்ல"ன்னு எழுதுறது அவ்வளவு பழைய வழக்கமான்னு படிக்கும்போது கோவமும் வருது, அதே சமயம் ராஜா சொன்ன நாள் பலிக்கலைங்குறதையும் மறைக்காம எழுதி வச்சிருக்காங்களேன்னு ஒரு மதிப்பும் வருது.

இந்த எலும்பெல்லாம் எப்போ, எப்படி கண்டுபிடிச்சாங்க?

அன்யாங் பக்கத்து விவசாயிங்க நிலத்தை உழும்போது பல காலமாவே இந்த எலும்பு வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. அவங்க அதை "டிராகன் எலும்பு"ன்னு நாட்டு மருந்துக் கடைக்கு வித்தாங்க, கடைக்காரங்க பொடி பண்ணி மருந்துல கலந்தாங்க. கீறல் இருந்தா வெல போகாதுன்னு எழுத்தைச் சுரண்டிட்டு வித்தவங்களும் உண்டுன்னு சொல்றாங்க. எத்தனை வரலாறு கஷாயமா போச்சோன்னு நெனச்சா வயிறு எரியும்.

1899-ல வாங் யிரோங்னு ஒருத்தர், பெய்ஜிங்ல அரச கல்விக்கழகத்தோட தலைவர், பழைய எழுத்துல பெரிய அறிஞர், அவர் கண்ணுல இது பட்டுச்சு. அவருக்கு மலேரியா வந்து மருந்து வாங்குனப்போ அதுல எழுத்தைப் பாத்தாருன்னு ஒரு கதை ரொம்ப பிரபலம், ஆனா அதுக்கு நம்பகமான ஆதாரம் கெடையாது, வியாபாரிங்க நேரா அவர்கிட்ட கொண்டுவந்து காட்டுனாங்கன்னு எடுத்துக்குறதுதான் சரியா இருக்கும். அவர் அவசர அவசரமா வாங்கிச் சேத்தாரு. அடுத்த வருஷமே எட்டு வெளிநாடுகளோட கூட்டுப் படை பெய்ஜிங்குக்குள்ள நுழைஞ்சப்போ, நகரக் காவல் பொறுப்புல இருந்த அவரு கிணத்துல குதிச்சு உயிரை விட்டுட்டாரு. அவர் சேத்ததுல பெரும்பகுதி நண்பர் லியு இ கைக்குப் போச்சு, லியு இ 1903-ல படியெடுத்துப் புத்தகமா போட்டப்புறம்தான் வெளி உலகத்துக்கே தெரிஞ்சுது.

வியாபாரிங்க எங்கேர்ந்து வருதுன்னு உண்மையைச் சொல்லவே இல்ல, சொன்னா பொழப்பு போயிடுமே. லுவோ ஜென்யூங்குற அறிஞர்தான் விசாரிச்சு விசாரிச்சு 1908-ல அது அன்யாங் பக்கத்து ஷியாவோதுன் கிராமம்னு கண்டுபிடிச்சாரு.

ஷாங் வம்சமே கட்டுக்கதைன்னு ஒரு காலத்துல சொன்னாங்களாமே?

ஆமா, சொன்னாங்க. ஷாங் ராஜாக்கள் பட்டியலை எழுதி வச்சவரு ஹான் காலத்து வரலாற்று ஆசிரியர் சிமா சியான், அவர் எழுதுனது ஷாங் அழிஞ்சு ஏறக்குறைய 900 வருஷம் கழிச்சு. அதனால இதெல்லாம் பின்னாடி வந்தவங்க ஜோடிச்சதுன்னு 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல சீனாவுலயே நிறைய அறிஞர்கள் சந்தேகப்பட்டாங்க, அந்தச் சந்தேகம் தப்பும் இல்ல.

1917-ல வாங் குவோவெய் என்ன பண்ணாருன்னா, எலும்புல பலி வாங்குன முன்னோர்களோட பேரையெல்லாம் எடுத்து, உடைஞ்ச துண்டுகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாத்து, வரிசை கட்டி சிமா சியான் பட்டியலோட வச்சுப் பாத்தாரு. ரெண்டு மூணு இடத்துல வரிசை மாறியிருந்துச்சு, மத்தபடி அப்படியே பொருந்திப் போச்சு. ஆதி காலத்துல ஒரு ரெண்டு மூணு பேரோட வரிசையை சிமா சியான் மாத்திப் போட்டிருக்காருங்குறது கூட எலும்பை வச்சுத்தான் தெரிஞ்சுது. 900 வருஷம் கழிச்சு எழுதுன பட்டியல் இவ்வளவு சரியா இருக்குன்னா நடுவுல யாரோ தலைமுறை தலைமுறையா அதைக் காப்பாத்திக் கொடுத்திருக்காங்க, இதை நெனைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அப்புறம் 1928-ல முறையான அகழாய்வு ஆரம்பிச்சுது, லி ஜி, டோங் ஸுவோபின் மாதிரி ஆளுங்க தலைமையில, 1937-ல ஜப்பான் போர் வந்து நிக்குற வரைக்கும் 15 கட்டமா. அதுல 1936-ல ஒரே குழியில 17,000-க்கு மேல எழுத்துள்ள துண்டு கெடச்சுது, மண்ணோட சேத்து ஒரே பாறாங்கட்டி மாதிரி வெட்டி எடுத்து நான்ஜிங் கொண்டுபோய் அங்க வச்சுத்தான் பிரிச்சாங்க.

ஃபூ ஹாவ் யாரு? ராணியா, தளபதியா?

ரெண்டும்தான். வூ டிங்குக்கு 60-க்கும் மேல மனைவிங்க, அதுல மூணு பேருதான் பட்டத்து ராணி தகுதியில இருந்தவங்க, அதுல ஒருத்தங்க ஃபூ ஹாவ். தனியா நிலம் இருந்துச்சு, பலி சடங்கை அவங்களே நடத்துனாங்க, படையும் நடத்துனாங்க. ஒரு எலும்புல ஃபூ ஹாவோட 3000 பேரு, அதோட இன்னொரு 10,000 பேரு, மொத்தம் 13,000 பேரைத் திரட்டி ஒரு எதிரியைத் தாக்குறதைப் பத்திக் கேட்டிருக்காங்க, எலும்புகள்ல நமக்குத் தெரிஞ்ச பெரிய படைத் திரட்டல்கள்ல இது ஒண்ணு.

1976-ல ஜெங் ஜென்ஷியாங்குற பெண் தொல்லியலாளர் தலைமையில இவங்க கல்லறையைத் தோண்டுனாங்க. ஷாங் ராஜாக்களோட பெரிய கல்லறை எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரே இடத்துல இருக்கு, எல்லாத்தையும் திருடங்க காலி பண்ணிட்டாங்க. இது தனியா, அரண்மனைப் பகுதி பக்கத்துல, மேல ஒரு கட்டடத்தோட அஸ்திவாரம் இருந்ததால தப்பிச்சுது. குழி பெருசு இல்ல, 5.6 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் 7.5 மீட்டர். உள்ள என்ன இருந்துச்சுன்னா 468 வெண்கலப் பொருள், 755 ஜேடு கல் பொருள், 500-ஐ ஒட்டி எலும்புக் கொண்டை ஊசி, பச்சைக்கல் பதிச்ச தந்தக் கோப்பை, ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மியா சோழி. வெண்கலத்தோட எடை மட்டுமே 1,600 கிலோ. நூத்துக்கும் மேல பாத்திரத்துல "ஃபூ ஹாவ்"னு பேரு பொறிச்சிருந்ததாலதான் இது யாரு கல்லறைன்னு சந்தேகத்துக்கே இடமில்லாம போச்சு. கெடச்சதுல ஒண்ணு, ரெண்டு புலி சேந்து ஒரு மனுஷத் தலையைக் கவ்வுற மாதிரி வேலைப்பாடு உள்ள போர்க்கோடாலி, 9 கிலோ. அது சண்டைக்குத் தூக்குற கோடாலி இல்ல, படை மேல அதிகாரம் இவங்களுக்குன்னு காட்டுற சின்னம்.

அவங்க உடம்பு மட்டும் இல்ல. நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழ இருந்ததால பெட்டியும் எலும்பும் மக்கிப்போச்சு. கூட புதைச்ச 16 பேரோட மிச்சமும் 6 நாயோட மிச்சமும் இருந்துச்சு.

16 பேரா? நரபலியா?

ஆமா. இதைச் சுத்தி வளைச்சுப் பேசக்கூடாது. ஷாங்கோட வெண்கலத்தைப் புகழ்ந்துட்டு இதை ஒரு வரியில தாண்டிப் போறவங்களை எனக்குப் பிடிக்காது.

ராஜ கல்லறைப் பகுதியில ஆயிரத்துக்கு மேல பலிக் குழி இருக்கு. தலை தனியா, உடம்பு தனியா, வரிசை வரிசையா. எலும்புல எழுதியிருக்குற கணக்கைக் கூட்டுனாலே 13,000 பேருக்கு மேல வருது, அதுல பெரும்பகுதி வூ டிங் காலம். அதிகமா பலியானவங்க மேற்கு எல்லையில இருந்த ச்சியாங் மக்கள், போர்ல பிடிச்சுக் கொண்டுவந்தவங்க. "இந்த முன்னோருக்கு பத்து ச்சியாங், பத்து மாடு"ன்னு ஆளையும் மாட்டையும் ஒரே வரியில எண்ணி எழுதியிருப்பாங்க. வெண்கல வேகவைக்குற பாத்திரத்துக்குள்ள மனுஷ மண்டையோடு இருந்தபடியே கெடச்சிருக்கு.

சமீபத்துல பலியானவங்களோட எலும்புல இருக்குற வேதிப்பொருளை ஆராய்ஞ்சு பாத்ததுல, அவங்க பிடிபட்ட உடனே கொல்லப்படல, சில வருஷம் யின்ஷுவுலயே வாழ்ந்திருக்காங்க, உள்ளூர் சாப்பாட்டையே சாப்பிட்டிருக்காங்கன்னு தெரிய வந்துச்சு. வேலை வாங்கியிருப்பாங்கன்னு நினைக்குறாங்க. நான் இதைப் படிச்சப்புறம் அந்தப் பாத்திரங்களைப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு, அந்தப் பட்டறையில மண்ணு மிதிச்சவங்கள்ல யாரு யாரு அந்தக் குழிக்குப் போனாங்களோ.

கடைசி ராஜாக்கள் காலத்துல நரபலி எண்ணிக்கை ரொம்பவே கொறைஞ்சுது.

வெண்கலத்தை எப்படி வார்த்தாங்க?

மத்த இடங்கள்ல பழக்கமா இருந்த மெழுகு முறை இல்ல. களிமண் அச்சைத் துண்டு துண்டா பண்ணி வார்க்குறது. முதல்ல பாத்திரத்தை அப்படியே களிமண்ணுல செய்வாங்க, அது மேல இன்னொரு அடுக்கு களிமண்ணை அப்பி, ஓரளவு காஞ்சதும் பாளம் பாளமா வெட்டி எடுப்பாங்க. உள்ள இருக்குற மாதிரியைக் கொஞ்சம் சுரண்டிச் சின்னதாக்குனா அதுவே உள்கட்டி. வெளிப் பாளங்களைத் திரும்ப அதைச் சுத்திச் சேத்து, நடுவுல வர்ற இடைவெளியில உருக்குன வெண்கலத்தை ஊத்துவாங்க. பாளம் சேர்ற இடத்துல வர்ற கோட்டையே அழகாக்கி, அதை நடுவா வச்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பெரிய கண்ணு, கொம்பு வச்ச மிருக முகத்தை அமைச்சிருப்பாங்க. தொழிலோட கட்டாயத்துலேர்ந்தே கலை பொறந்துச்சுங்குறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதுல பெருசு ஹோவ்முவூங்குற நாலு கால் அண்டா, 832.84 கிலோ, உயரம் 133 சென்டிமீட்டர். வூ டிங்கோட இன்னொரு ராணிக்காக அவங்க மகன் செஞ்சதுன்னு சொல்றாங்க. 84 சதவீதத்துக்கு மேல செம்பு, 11 சதவீதத்துக்கு மேல வெள்ளீயம், கொஞ்சம் ஈயம். 1939-ல கிராமத்து ஆளுங்க தோண்டி எடுத்தாங்க, அப்போ ஜப்பான் ஆக்கிரமிப்பு, முழுசா தூக்கி விக்க முடியாம அறுத்துப் பாத்தாங்க, அறுக்கவும் முடியல, ஒரு காது மட்டும் தனியா வந்துடுச்சு. ஜப்பான் படை தேடி வருதுன்னு தெரிஞ்சதும் திரும்பப் புதைச்சுட்டு 1946-லதான் மறுபடி எடுத்தாங்க.

சாப்பாடு, வாகனம், மிருகம் இதெல்லாம்?

முக்கியமா தினை வகை தானியம், அதுலேர்ந்தே கள்ளு மாதிரி ஒரு பானம். ரெண்டு குதிரை பூட்டுன ரதம் கி.மு. 1200 வாக்குலதான் திடீர்னு தெரிய வருது, வடமேற்குப் புல்வெளிப் பக்கத்துலேர்ந்து வந்த தொழில்நுட்பம், குதிரையோடவும் ஓட்டுறவரோடவும் சேத்துப் புதைச்சிருக்காங்க. அப்போ அங்க இப்போதைவிட சூடான காலநிலை, ஹெனான்ல யானை இருந்துச்சு, ராஜா யானை வேட்டைக்குப் போனது எலும்புல இருக்கு.

சான்ஷிங்துய் முகமூடி எல்லாம் ஷாங் ஆளுங்க செஞ்சதா?

இல்ல. அது சிச்சுவான்ல, வேற ஒரு பண்பாடு. 1986-ல ரெண்டு குழியில அந்தப் பெரிய வெண்கல முகமெல்லாம் கெடச்சப்போதான், அதே காலத்துல ஷாங்கைத் தவிர வேற பெரிய சக்திகளும் சீனாவுல இருந்துச்சுன்னு எல்லாருக்கும் உறைச்சுது. ஷாங்கோட தொடர்பு இருந்துச்சு, ஆனா அவங்களுக்கு அடங்குனவங்க இல்ல.

கடைசி ராஜா சாராயக் குளம் வெட்டுனாராமே, அதனாலதான் அழிஞ்சாங்களா?

டி ஷின் பத்துன கதைதானே. குளம் நிறைய சாராயம், மரத்துல தொங்கவிட்ட இறைச்சி, டாஜிங்குற அழகி பேச்சைக் கேட்டு ஆட்சி, புத்தி சொன்ன சொந்தக்காரர் பி கானோட நெஞ்சைப் பிளந்து பாத்தது, எல்லாம் சினிமா வில்லன் மாதிரி இருக்கும். இந்தக் கதை எல்லாம் அவரைத் தோக்கடிச்சு அடுத்த வம்சமா வந்த ஜோ ஆளுங்க பக்கத்துலேர்ந்தும் அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு எழுதுனவங்ககிட்டேர்ந்தும் வந்தது, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கொடுமை கூடிக்கிட்டே போகும். ஷியாவோட கடைசி ராஜா ஜியே மேலயும் கிட்டத்தட்ட இதே குத்தச்சாட்டுதான்னு கவனிச்சா புரியும். கன்ஃபூசியஸோட சீடர் ட்சி கொங் கூட அந்த ஆளு அவ்வளவு மோசமில்ல, கீழ விழுந்தவன் மேல எல்லா அழுக்கும் வந்து சேருதுன்னு அப்பவே சொல்லிட்டாரு.

எலும்பு என்ன சொல்லுதுன்னா, அவர் காலத்துல முன்னோர் சடங்கெல்லாம் நாள் தவறாம வரிசைப்படி நடந்திருக்கு, கிழக்குப் பக்கம் ரென்ஃபாங்குற எதிரிங்க மேல நீண்ட படையெடுப்பு போயிருக்காரு. படையும் செல்வமும் கிழக்குல கரைஞ்சுக்கிட்டு இருந்தப்போ மேற்குலேர்ந்து ஜோ வந்துட்டாங்கங்குற விளக்கம்தான் எனக்குச் சரியா படுது. கதையை வச்சு ஒரு மனுஷனைத் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அவரோட சொந்த ஆவணத்தைப் பாக்கணும்.

மூயேங்குற இடத்துல ஒரே காலையில போர் முடிஞ்சுது, டி ஷின் அரண்மனையிலயே தீக்குளிச்சாருன்னு நூல்கள் சொல்லுது. 1976-ல ஷான்ஷியில லின்டோங் பக்கத்துல ஒரு வெண்கலப் பாத்திரம் கெடச்சுது, அதுல முப்பத்திச் சொச்சம் எழுத்து, ஜோ ராஜா வூ (வூ டிங் இல்ல, இவர் வேற) ஷாங்கைத் தாக்குனது ஜியாட்சி நாள் காலையிலன்னும், அதுக்கு ஏழு நாள் கழிச்சு லிங்குற அதிகாரிக்கு ராஜா உலோகம் பரிசு கொடுத்தாருன்னும் இருக்கு. ஜியாட்சி நாள்னு பழைய நூல்கள்லயும் இருந்துச்சு, அது சரின்னு இதை வச்சு உறுதியாச்சு. வருஷத்துலதான் இன்னும் வாதம் ஓடுது, 1046-ங்குறது சீன அரசு நடத்துன கால ஆய்வுத் திட்டம் 2000-த்துல சொன்னது.

ஷாங் மக்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஜோ ராஜா டி ஷினோட மகன் வூ கெங்கையே அங்க வச்சாரு, அவர் கொஞ்ச வருஷத்துல கலகம் பண்ண, அதை அடக்குனப்புறம் ஷாங் குடும்பத்துல இன்னொரு கிளைக்கு சோங்னு ஒரு சின்ன நாட்டைக் கொடுத்து முன்னோருக்குச் சடங்கு பண்ணிக்கோங்கன்னு விட்டாங்க. கன்ஃபூசியஸோட முன்னோர் அந்த சோங் நாட்டுக்காரங்கதான்.

எல்லா எழுத்தையும் படிச்சுட்டாங்களா?

இல்ல. வேற வேற எழுத்துன்னு எண்ணுனா ஏறக்குறைய 4,500 வருது, அதுல மூணுல ஒரு பங்குதான் எல்லாரும் ஒத்துக்குற மாதிரி படிச்சிருக்காங்க. படிக்காததுல நிறைய ஆள் பேரு, ஊர்ப் பேரு, குலப் பேரா இருக்கும்னு நினைக்குறாங்க, அதுக்குப் பிறகு வந்த எழுத்துல அது இல்லாததால ஒப்பிட வழியில்ல.

இதையெல்லாம் நேர்ல எங்க பாக்கலாம்?

அன்யாங்ல யின்ஷு இடமே 2006-லேர்ந்து உலக பாரம்பரியச் சின்னம், 2024-ல அங்க புது அருங்காட்சியகமும் திறந்தாங்க, ஃபூ ஹாவ் கல்லறைக் குழியையும் அங்கயே பாக்கலாம். ஹோவ்முவூ அண்டா பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துல. 1928-லேர்ந்து 1937 வரை தோண்டுனதுல பெரும்பகுதி உள்நாட்டுப் போர் நேரத்துல தைவானுக்குப் போயிடுச்சு, அதுக்கு தைபே போகணும். ஃபூ ஹாவ் கல்லறையில ஜோடியா கெடச்ச ஆந்தை வடிவச் சாடியைக் கூட பிரிச்சு ஒண்ணு பெய்ஜிங்லயும் இன்னொண்ணு ஜெங்ஜோ ஹெனான் அருங்காட்சியகத்துலயும் வச்சிருக்காங்க. ஒரு இடம்தான் போக முடியும்னா அன்யாங் போங்க.